ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்

வேப்பம்பட்டுப் பக்கம் மனை பார்க்கப் போனால் தரகர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்: "ஒரு பேச்சுக்கு, இன்னும் ரெண்டு வருஷத்துல நீங்க விக்கறீங்கன்னே வச்சுக்குவோம் சார்." வீட்டுக்கு வந்து சொன்னால் மாமனார் கேட்பார்: "சரி மாப்ள, ஒரு பேச்சுக்கு பேங்க்ல லோன் வரலன்னு வைங்க, அப்ப என்ன பண்ணுவீங்க?" அரக்கோணம் லோக்கலில் ஏறி ஆவடி வருவதற்குள் நாலு பேர் வாயில் இதைக் கேட்டுவிடலாம். ஆபீஸில் இங்கிலீஷ் பேசுகிறவர் இதையே "ஃபார் த சேக் ஆஃப் ஆர்கியுமென்ட்" என்பார். வக்கீல் "வாதத்துக்காக" என்பார். மூன்றும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை, ஒப்புக்கொண்டதுபோலக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்கிறேன் என்று எதிராளியிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது.

இந்தத் தொடருக்கு வேறு இரண்டு பிழைப்பும் உண்டு. "ஒரு பேச்சுக்காவது சாப்பிட்டுப் போங்கன்னு சொன்னாங்களா?" என்று கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் அத்தை குறைப்படும்போது அது உபசாரம். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அதைப் போயி பெருசா எடுத்துக்கிறியே" என்று ஒருவர் பின்வாங்கும்போது அது தப்பிக்கும் வழி. நான் எழுத வந்தது முதல் வகையின் வரலாற்றை. அது எங்கிருந்து கிளம்பியது, யார் யார் கைக்குப் போனது, எந்த இடத்தில் மூன்றாவது வகை அதை விழுங்கத் தொடங்கியது என்பதை.

இதை எல்லோரும் கோர்ட்டிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கிறார்கள். வெள்ளைக்காரன் கோர்ட்டைக் கட்டுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இது இங்கே இலக்கணம் ஆகிவிட்டது. பவணந்தி முனிவரின் நன்னூல் 13-ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுந்த நூல். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்வதற்கு முன்னால், நூல் எழுதுகிறவன் எப்படி எப்படியெல்லாம் ஒரு கருத்தின் மேல் நிலை எடுக்கலாம் என்று ஏழு வகை மதங்களை அது வகுக்கிறது. உடன்படலாம், மறுக்கலாம். மூன்றாவதாக வருவதுதான் நம் ஆள்: பிறருடைய கொள்கையை முதலில் தான் மேற்கொண்டு, பிறகு அதைக் களைவது. இரண்டு வினைகள் அதில் இருக்கின்றன, மேற்கொள்ளுதலும் களைதலும். மேற்கொண்டு அப்படியே விட்டுவிடுவதைப் பவணந்தியார் ஒரு வகையாகக் கணக்கில் எடுக்கவே இல்லை.

வடமொழித் தருக்கத்திலும் இதற்கு இடம் உண்டு. நியாய சூத்திரம் சித்தாந்தத்தை நான்காகப் பிரித்து, நான்காவதற்கு அப்யுபகமம் என்று பெயர் வைத்தது. ஆராய்ந்து நிலைநாட்டாத ஒன்றை அப்போதைக்கு ஏற்றுக்கொண்டு, அதன் மேல் விசாரணையைத் தொடர்வது. ஒலி ஒரு திரவியம் என்றே வைத்துக்கொள்வோம், சரி, அது அழியுமா அழியாதா என்பது அதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. எனக்கு இதைவிடப் பிடித்தது சரக சங்கிதையில் வருவது. அது மருத்துவ நூல். வைத்தியர்கள் கூடி வாதிடும்போது பயன்படும் சொற்களை விளக்கும் இடத்தில் இதையும் விளக்குகிறது: பொருள்தான் முதன்மை என்று கொண்டு பேசுவோம், பிறகு குணம்தான் முதன்மை என்று கொண்டு பேசுவோம் என்று வைத்தியர்கள் வாத நேரத்தில் ஏற்றுக்கொள்வது. நோயாளியின் உயிர் நடுவில் கிடக்கும்போது, தான் நம்புவதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்று அந்தக் காலத்து வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதும் நல்ல டாக்டர் அப்படித்தான் யோசிக்கிறார். டெங்கு என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் ரத்தத்தில் தட்டணுக்கள் எப்படி இருக்க வேண்டும், பார், இல்லையென்றால் அடுத்தது.

தமிழ்க் காப்பியங்களில் இந்த உத்தியை மிக அழகாகக் கையாண்டவள் மணிமேகலை. வஞ்சி மாநகரில் ஆண் துறவி வேடத்தில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியாக வருபவன் பூதவாதி. கண்ணால் கண்டதுதான் உண்மை, அனுமானம் செல்லாது என்பது அவன் கட்சி. மணிமேகலை அதை நேரடியாக மறுக்கவில்லை. அவன் விதியையே எடுத்துக்கொள்கிறாள். அனுமானமே கூடாது என்றால், உன் தாய் தந்தை இவர்தான் என்று நீ எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அவ்வளவுதான். தன் பிறப்பை யாரும் தன் கண்ணால் பார்த்ததில்லை. அவன் கொள்கையை ஏற்று நடந்தால் அவன் வீட்டு வாசலிலேயே அது இடித்துக்கொள்கிறது. பிறகு அவள் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் பிரமாணங்களையும், சரியான ஏதுபோலத் தோன்றிச் சரியில்லாத ஏதுக்களையும் பாடமாகவே கேட்கிறாள். ஒரு காதை முழுக்கத் தருக்கப் பாடம். தமிழ்க் காப்பியம் ஒன்று இதற்கு இவ்வளவு இடம் கொடுத்திருப்பது பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தராத செய்தி.

இனி நம் ரயில் பாதைக்கு வருவோம். வேப்பம்பட்டிலிருந்து அரக்கோணம் பக்கம் போகிற வண்டியில் ஏறினால் செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர், கடம்பத்தூர் தாண்டித் திருவாலங்காடு வரும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. திருவாலங்காட்டை ஒட்டிய ஊர் பழையனூர். தமிழர் வாத வரலாற்றில் இரண்டு நீலிகளுக்கு அதுதான் சொந்த ஊர்.

ஒரு நீலி, நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் வருபவள். பாஞ்சால நாட்டுச் சுடுகாட்டில் காளிக்குப் பலியிட வந்தவர்களை முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் தடுத்துவிட, அவரை விரட்டப் பழையனூர் நீலியின் உதவி கேட்கப்படுகிறது. அச்சுறுத்திப் பார்க்கிறாள், மயக்கிப் பார்க்கிறாள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவரிடமே அறம் கேட்டு மாணவி ஆகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். முதலில் அவள் எதிர்கொள்வது பௌத்தத் துறவி குண்டலகேசியை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஊருக்கு வெளியே நாவல் கிளையை நட்டு, வாதிட வருகிறவன் இதைச் சாய்த்துவிட்டு வரலாம் என்று அறைகூவியவள். வாதத்தைத் தொடங்கி வைக்க அதைவிடத் துணிவான அறிவிப்பு கிடையாது.

குண்டலகேசிக் காப்பியம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் வாதங்களைப் பற்றி இன்று தெரிவதில் பெரும் பகுதி, அதை மறுக்க வந்த நீலகேசியாலும் அதற்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையாலும்தான் தெரிகிறது. எதிராளியின் கட்சியை எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்ததால், எதிராளியின் நூல் தொலைந்த பிறகும் அவர் குரல் தங்கிவிட்டது. 1936-ல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நீலகேசியை உரையோடு பதிப்பித்தார். அந்தப் பதிப்பு வராமல் போயிருந்தால் குண்டலகேசியைப் பற்றியும் நாம் இன்னும் குறைவாகவே அறிந்திருப்போம். சைவர்களும் இதே நெறியில் நின்றார்கள். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதும்போது உலகாயதம் தொடங்கிப் பிற சமயங்களின் வாதத்தைச் சொல்லி மறுப்பதற்கென்றே பரபக்கம் என்று ஒரு பெரும் பகுதி ஒதுக்கினார். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்குப் பிறகுதான். 1313-ல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தின் அமைப்பு அதன் பெயரிலேயே இருக்கிறது. அவன் கொள்கை இது, அதற்கு மறுப்பு இது.

இன்னொரு நீலி நம் பாட்டிமார் சொன்ன நீலி. "நீலிக் கண்ணீர்" என்று சொல்கிறோமே, அவள். கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவன் மறுபிறப்பில் செட்டியாகப் பிறந்து பழையனூர் வழியே வாணிபத்துக்கு வருகிறான். அவனைக் காக்கும் மந்திர வாள் ஒன்று அவன் கையில் இருக்கிறது. நீலி பேய் பெண்ணுருக் கொண்டு, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபையில் வந்து அழுகிறாள்: இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார். செட்டி அலறுகிறான்: இவள் மனுஷியே இல்லை, என்னைக் கொல்ல வந்தவள். சபையில் 70 வேளாளர்கள். குழந்தையை இறக்கி விடுகிறார்கள். அது நேரே செட்டியிடம் போய் "அப்பா" என்கிறது. சபைக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. வாள் இருந்தால் என்னைக் கொன்றுவிடுவார் என்று அவள் சொல்ல, வாளையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் 70 பேர் உயிரும் அதற்கு ஈடு என்று செட்டிக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரு வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் செட்டி பிணம். சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்த வஞ்சகத்துக்குக் குறிப்பு இருக்கிறது.

வேளாளர்களின் வாய்மையைப் போற்றத்தான் இந்தக் கதையைச் சொல்கிறோம். போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த விசாரணையை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். அங்கே நடந்தது என்ன? "இவர் என் புருஷன்" என்பதுதான் வழக்கே. அதையே சபை முதலில் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றுக்கொண்டபின் பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. செட்டியின் பயம் குடும்பச் சண்டையாகத் தெரிந்தது. அவன் கையிலிருந்த வாள் பெண்டாட்டியை வெட்ட வைத்திருப்பதாகத் தெரிந்தது. குழந்தை "அப்பா" என்றது உண்மை. ஆனால் அது குழந்தைதான் என்பதும் அவள் சொல்லித்தானே சபைக்குத் தெரியும்? ஒரு பேச்சுக்கு இவன் சொல்வதுதான் நிஜம் என்று வைத்துக்கொள்வோம் என்று 70 பேரில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும். செட்டி சொல்வது பொய்யாக இருந்து அவனை அன்றிரவு தனியே படுக்க வைத்தால், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ராத்திரி பிரிந்திருப்பார்கள். நீலி சொல்வது பொய்யாக இருந்து இருவரையும் ஒன்றாகப் படுக்க வைத்தால் ஓர் உயிர் போகும், வாக்குக் கொடுத்தவர் உயிரும் சேர்ந்து போகும். இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்திருந்தால் வாளையாவது அவனிடம் விட்டு வைத்திருப்பார்கள்.

நிறுவ வேண்டியதையே கொடுக்கச் சொல்லிக் கேட்பது பெரிய குற்றம் என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் எழுதினார். அந்தக் காலத்து வாதத்தில் ஒருவர் கேட்பார், மற்றவர் ஒவ்வொரு கூற்றாக ஒப்புக்கொண்டு வருவார். அந்த ஒப்புதல்களைக் கொண்டே கேட்டவர் வெல்ல வேண்டும். அப்படிக் கேட்கும்போது, எதைப் பற்றி வாதமோ அதையே ஒப்புக்கொள்ளச் சொல்லி வாங்கிவிடுவது ஐந்து வழிகளில் நடக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். அதுதான் லத்தீன் வழியாக இங்கிலீஷுக்குப் போய் "பெக்ஸ் த கொஸ்டின்" என்ற தொடர் ஆனது. இப்போது இங்கிலீஷ் பேப்பர்களில் அதை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் "ஒரு கேள்வி எழுகிறது" என்ற அர்த்தத்தில்தான் வருகிறது. ஒரு குற்றத்தைச் சுட்டிக்காட்டப் பிறந்த தொடர், பேச்சைத் தொடங்கி வைக்கும் தொடராகத் தேய்ந்துவிட்டது. நியாய சூத்திரக்காரர்கள் இந்தக் குற்றத்தைச் சாத்தியசமம் என்றார்கள். நிறுவ வேண்டியது எவ்வளவு நிச்சயமில்லையோ, அதற்குக் காட்டும் காரணமும் அவ்வளவே நிச்சயமில்லாமல் இருப்பது. பழையனூர்ச் சபையில் கள்ளிக் கட்டைக் குழந்தை அதற்குச் சரியான உதாரணம்.

வெள்ளைக்காரர் காலத்துக் கோர்ட்டுக்கு வரும்போது இந்தத் தொடர் கறுப்புக் கோட்டு போட்டுக்கொள்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 1862-ல் வந்தது, இன்றும் நடப்பில் இருக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ல். அந்தச் சட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. பிராதில் எதிராளி சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் எதிருரையில் குறிப்பாக மறுக்காவிட்டால், ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதனால் வக்கீல்களுக்கு ஒரு சங்கடம். எதிராளி சொன்னதை எடுத்துக்கொண்டு வாதம் செய்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ? அங்கேதான் எதிருரையின் பின்பகுதியில் அந்த வாசகம் வருகிறது: ஒப்புக்கொள்ளாமல், வாதத்திற்காக அப்படியே வைத்துக்கொண்டாலும்கூட.

புரோநோட்டு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாதம், நான் கடனே வாங்கவில்லை, கையெழுத்து என்னுடையது இல்லை. அடுத்த பத்தியில், அப்படியே வாங்கியிருந்தாலும் புரோநோட்டுத் தேதியிலிருந்து மூன்று வருடம் கடந்துவிட்டது, வழக்குக் காலாவதி. இதைக் கேட்டு, இவன் வாங்கியிருக்கிறான், அதனால்தான் இப்படிப் பேசுகிறான் என்று ஊரில் சொல்வார்கள். கோர்ட் அப்படிச் சொல்லாது. இரண்டாவது வாதத்தை முதல் வாதத்துக்கு எதிரான சாட்சியாகப் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் அந்த வாசகமே இருக்கிறது. நீதிபதியும் இதே உத்தியைப் பயன்படுத்துகிறார். பிராதில் சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டு படித்தாலும் வழக்கு மூலம் தெரியவில்லை என்றால், விசாரணைக்குப் போகாமலேயே பிராதை நிராகரிக்கலாம்.

ஆனால் கோர்ட்டிலும் இதற்கு எல்லை உண்டு, வேப்பம்பட்டு மாதிரி மனைத் தகராறு மலிந்த இடத்தில் இருப்பவர்கள் அந்த எல்லையைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த நிலம் ஆதியிலிருந்தே என்னுடையது என்று ஒருவர் சொல்கிறார். கூடவே, அப்படியே உன்னுடையதாக இருந்தாலும் 12 வருஷத்துக்கு மேல் நான் உனக்கு எதிராக அனுபவித்து வருகிறேன், அதனால் எனக்கே சொந்தம் என்கிறார். கேட்பதற்கு மேலே சொன்ன புரோநோட்டு வாதம் மாதிரியே இருக்கும். கர்நாடக வக்ஃப் வாரிய வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சொன்னது. எதிர் அனுபவம் கோருகிறவர், நிலம் இன்னாருடையது என்று தெரிந்து அவருக்கு எதிராக அனுபவித்ததாகக் காட்ட வேண்டும். முதல் கட்சியை விடாமல் அதைக் காட்ட முடியாது. ஆக, ஒரு பேச்சுக்கு என்று சொல்லிவிட்டால் எதை வேண்டுமானாலும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டத்திலேயே இல்லை.

கணக்குப் பாடத்தில்தான் இந்தத் தொடர் மிகவும் நேர்மையாக வாழ்கிறது என்று எனக்குத் தோன்றும். "அந்த எண்ணை எக்ஸ் என்க" என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது, எக்ஸைக் கண்டுபிடித்துப் போட்டுப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் கணக்கு முடியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பாஸ்கராச்சாரியார் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய லீலாவதியில் இஷ்ட கர்மம் என்று ஒரு முறை வருகிறது. விடையாக ஏதோ ஓர் எண்ணை வைத்துக்கொள். கேள்வி சொன்னபடி அதைப் பெருக்கு, வகு, கழி. வந்ததும் வர வேண்டியதும் எந்த விகிதத்தில் மாறுபடுகின்றன என்று பார்த்து, வைத்த எண்ணைத் திருத்து. தப்பான எண்ணில் தொடங்கலாம், தப்பே இல்லை. திருத்தாமல் விடுவதுதான் தப்பு. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்று நிறுவும்போது, விகிதமுறு எண் என்றே கொள்வோம் என்றுதான் தொடங்குகிறோம். நாலைந்து வரியில் அது தன்னைத்தானே முறித்துக்கொள்கிறது. பவணந்தியார் சொன்ன மேற்கொண்டு களைதல் பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டில் ஒழுங்காக நடக்கிறது. பெரியவர்களின் கூட்டத்தில்தான் நடப்பதில்லை.

பட்டிமன்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சிலம்பிலும் மணிமேகலையிலும் பட்டிமண்டபம் வருகிறது. 1939-ல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடைகளும், குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த மேடைகளும் அதை நம் காலத்துக்குக் கொண்டுவந்தன. "எதிரணி நண்பர் சொன்னது சரியென்றே வைத்துக்கொள்வோம்" என்று ஒரு பேச்சாளர் ஆரம்பித்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அடுத்து அவர் அதை எப்படிக் களையப் போகிறார் என்பதற்காகத்தான். தொலைக்காட்சி விவாதங்கள் வந்த பிறகு அந்த இரண்டாம் பாதிக்கு நேரம் கிடைப்பதில்லை. "ஒரு வாதத்துக்குக் கேட்கிறேன்" என்று நெறியாளர் ஆரம்பிப்பதற்கும் விளம்பர இடைவேளை வருவதற்கும் நடுவில், கேட்கப்பட்டது மட்டும் பார்ப்பவர் மனசில் தங்கிப்போகிறது.

எங்கள் வேப்பம்பட்டு நகர் நலச்சங்கக் கூட்டம் ஒன்றில் இந்தத் தொடரின் இரண்டு முகத்தையும் ஒரே நாளில் பார்த்தேன். மழைத் தண்ணீர் போகும் சின்னக் கால்வாயை ஒட்டி மனை வாங்கியவர் மண் கொட்டி மேடாக்கிவிட்டார். மேல் தெருவில் தண்ணீர் நிற்கிறது. ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் பட்டாவை எடுத்துக் காட்டினார். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எழுந்தார்.

"தம்பி, ஒரு பேச்சுக்கு அந்த இடம் மொத்தமும் உங்களோடதுன்னே வச்சுக்குவோம். பட்டா சரி, பத்திரம் சரி. அதைப் பத்திப் பேச்சே வேணாம். உங்க வீட்டுத் தண்ணி எங்க போவுது?"

"கீழாண்ட போவுது சார். பக்கத்து மனை வழியா."

"அது யாரோட மனை?"

"அவருது. இன்னும் வீடு கட்டல."

"அவரும் பட்டா வச்சிருக்காரு. நாளைக்கு அவரும் நாலு லோடு மண்ணு அடிச்சா உங்க தண்ணி எங்க போவும்?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் மனை ஓரமாக சிமெண்ட் பைப் போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார். பெரியவர் பட்டாவைக் கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்குக் கூட்டம் அடிதடியில் முடிந்திருக்கும். எதிராளி விட்டுக்கொடுக்கவே மாட்டார் என்ற இடத்தை அவருக்கே முழுதாக விட்டுக்கொடுத்துவிட்டு, அதன் மேலேயே நின்று கேட்டார். பைப்புக்கு ஒப்புதல் கிடைத்ததும் இன்னொன்றும் சொன்னார்: "எல்லைக் கல்லு எங்க இருக்குன்னு சர்வேயரை வச்சுத் தனியாப் பாத்துக்கலாம். நான் ஒத்துக்கிட்டேன்னு யாரும் எழுதிடாதீங்க." வைத்ததை எடுத்துவிட்டார்.

அதே கூட்டத்தில் கொஞ்சம் பொறுத்து இன்னொருவர்: "நான் யாரையும் சொல்லல. ஒரு பேச்சுக்கு, போன வருஷ விழாக் கணக்குல அஞ்சாயிரம் இடிக்குதுன்னு வச்சுக்குங்க. யாரு பொறுப்பு?" பொருளாளராக இருந்த அக்கா கணக்கு நோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று சொன்னால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று கூச்சம். அதனால் அந்தச் சந்தேகம் தீராமலேயே தெருவுக்குப் போனது. பால் வாங்குகிற இடத்தில், ஸ்கூல் வேன் நிற்கிற இடத்தில், "அஞ்சாயிரம்" என்ற எண் மட்டும் மிச்சமாகி, "வச்சுக்குங்க" உதிர்ந்துவிட்டது. அந்த அக்கா பொறுப்பை விட்டு விலகினார். கணக்கில் ஒரு ரூபாய்கூட இடிக்கவில்லை என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். கேட்டவரிடம் போய்க் கேட்டதற்கு, "நான் ஒரு பேச்சுக்குத்தானேங்க சொன்னேன்" என்றார்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பேச்சுக்கு வைத்துக்கொள்வது என்பது கைமாத்து. வாங்கும்போதே திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். பெரியவர் கூட்டம் கலைவதற்குள் திருப்பித் தந்தார். இன்னொருவர் திருப்பித் தரும் உத்தேசம் இல்லாமலே வாங்கினார். வாக்கியம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், கேட்கிறவர்களால் ஆரம்பத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சொல்கிறவர் அடுத்து என்ன செய்கிறார் என்று காத்திருந்து பார்த்தால்தான் தெரியும். நம்மில் யாரும் காத்திருப்பதில்லை.

இந்தத் தொடரே வேண்டாம், தெரிந்ததை மட்டும் பேசுங்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிராளியின் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க இதைவிட நல்ல வழி நம்மிடம் இல்லை. குடும்பத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது, "சரிப்பா, அந்த மூணு சென்ட்டு நீ கேக்கற மாதிரி உனக்கே வச்சுக்குவோம், அம்மாவை யாரு பாத்துக்கறது?" என்று ஒருவர் கேட்டால்தான் பேச்சு நகர்கிறது. இந்தத் தொடர் இல்லாத வீட்டில் சண்டை நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் "ஒரு பேச்சுக்கு" என்று தொடங்கினால், உட்காருவதற்கு முன் அதனால் என்ன தேறியது என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். இன்னொரு மனிதரின் நாணயத்தைப் பற்றியதாக இருந்தால் தொடங்காமலே இருங்கள். நோட்டைக் கேளுங்கள், ரசீதைக் கேளுங்கள், நேராகக் கேட்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. பிறர் தொடங்கினால், "சரி, வச்சுக்கிட்டோம், அடுத்து சொல்லுங்க" என்று முடிக்கும்வரை விடாமல் கேளுங்கள். எந்தச் சங்கத்திலாவது கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், ஒப்புக்கொண்டது ஒரு பக்கம், பேச்சுக்கு வைத்துக்கொண்டது ஒரு பக்கம் என்று பிரித்து எழுதி, எல்லோர் கையெழுத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.